அளந்து கொடுத்தவர்

நூலகத்துக்கு வரும் பிள்ளையிடம் அவர் முதலில் கேட்பது "இன்னா பொஸ்தகம் வேணும்?" என்று அல்ல. "நீ எந்தத் தெரு?" என்றுதான். தெருவைச் சொன்னதும் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். அந்தப் பிள்ளை எவ்வளவு படிக்கும், படித்ததில் எவ்வளவு புரியும், கையில் அழுக்கு இருக்குமா, பெரியவனானால் என்ன வேலைக்குப் போகும், எல்லாம். பிறகு எழுந்து போய், பிள்ளை கேட்டதை விட்டுவிட்டு, தான் முடிவு செய்ததை எடுத்துவந்து மேசைமேல் வைப்பார்.

"உனக்கு இவ்ளோ போதும்" என்பார்.

அவர் பேரை நான் எழுதப்போவதில்லை. மரியாதைக்காக அல்ல. அச்சில் தன் பேரைப் பார்த்தால் அந்த மனுஷன் சந்தோஷப்படுவார். அதை என் கையால் கொடுக்க எனக்கு மனமில்லை.

பாகூரிலிருந்து மினி பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் அந்த ஊர். பால் சொசைட்டி கட்டடத்தின் மாடியில் இரண்டு அறைதான் நூலகம். அவர் நூலகர். நான் தினக்கூலிக்குச் சேர்ந்த உதவியாள். பெருக்குவது, பேப்பர்களை அடுக்கித் தைப்பது, புதுப் புத்தகம் வந்தால் முத்திரை குத்தி எண் ஒட்டுவது என் வேலை. நூலக அறிவியலில் சான்றிதழ் படித்திருந்தேன். அதைச் சொன்ன அன்று என்னை மேலும் கீழும் பார்த்து, "துடப்பம் அந்த மூலைல இருக்குதுமா" என்றார்.

ஆள் பார்க்க அவ்வளவு சுத்தம். மடிப்பு கலையாத பேண்ட், நெற்றியில் மெல்லிய விபூதிக் கோடு, சட்டைக் காலர் அழுக்காகாமல் இருக்க உள்ளே மடித்து வைத்த கைக்குட்டை. இடுப்பில் சாவிக்கொத்து. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யாரையும் திட்டமாட்டார். சிரித்த முகமாகவே எல்லோரையும் குட்டையாக்கி அனுப்புவார்.

பம்புசெட் மோட்டார் ரிப்பேர் செய்கிற ஒருவர், இருபத்தைந்து வயதிருக்கும், ஒரு நாள் படியேறி வந்தார். மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுவது பற்றிய புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அதற்கு எண் ஒட்டியவள் நான். இவர் சிரித்தபடி, "பத்தாவது பெயிலுதானப்பா நீ? கையில தொழில் இருக்குது, அப்பறம் எதுக்குப் பொஸ்தகம்?" என்று சொல்லி, ஒரு வார இதழை எடுத்து நீட்டினார். "படம் போட்டுருக்கான், பாத்துட்டுப் போ." அந்த ஆள் இதழை வாங்கிக்கொண்டு பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கத்தையும் புரட்டவில்லை. பிறகு அதை மடிப்புக் கலையாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார். திரும்ப வரவேயில்லை.

எனக்கும் அதே கதிதான். தேர்வு எழுதலாம் என்று ஒரு பொது அறிவுப் புத்தகம் கேட்டேன். "அதெல்லாம் டவுன் பசங்க எழுதறது. நீ டைப்ரைட்டிங் பாஸ் பண்ணு, போதும்" என்றார். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானும் தலையாட்டிவிட்டுப் பேப்பர் தைக்கப் போய்விட்டேன். அவரிடம் எனக்கு இருக்கிற வெறுப்பில் ஒரு பங்கு அந்தத் தலையாட்டலுக்குச் சேர வேண்டியது.

"என் சர்வீஸ்ல ஒரு பொஸ்தகம் தொலைஞ்சதில்ல" என்று ஆய்வுக்கு வருகிற அதிகாரிகளிடம் பெருமையாகச் சொல்வார். அவர்களும் பாராட்டிவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார்கள். வெளியே போனால்தானே தொலையும் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இத்தனைக்கும் அவர் படிக்கிற ஆளும் இல்லை. காலையில் வந்ததும் பேப்பரில் யாருக்கு எங்கே மாற்றல் என்று பார்ப்பார். அடுத்து யார் செத்தார்கள் என்று பார்ப்பார். அதோடு அன்றைய படிப்பு முடிந்தது.

நான் சேர்ந்த வருடம் ஆடி மாதம் ஒரு பெட்டி வந்தது. பிள்ளைகளுக்கான புத்தகங்கள். அதில் ஐந்து மட்டும் தனியாகத் தெரிந்தன. புயல், வெள்ளம், இடி மின்னல், சூறைக்காற்று, வறட்சி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய புத்தகம். வழுவழு தாள், பக்கம் நிறையப் படம். முத்திரை குத்துவதற்காகப் பிரித்தபோது புதுத்தாள் வாசனை அறை முழுக்க அடித்தது. அவர் ஒன்றை எடுத்துத் தாளை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நல்ல பொஸ்தகம்மா இது" என்றார்.

நல்ல புத்தகம் என்றால் அவர் நாற்காலிக்குப் பின்னாலிருக்கிற கண்ணாடி அலமாரிக்குப் போய்விடும். பூட்டு விழுந்துவிடும். ஐந்தும் போயின. நான் ஐந்துக்கும் எண் ஒட்டினேன். ஒன்றையும் படிக்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். ஆறாம் வகுப்பு. அறிவியல் டீச்சர், புயலைப் பற்றி நூலகத்தில் பார்த்து ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தார். ஒருவன் பதினைந்து காணி கரும்பு வைத்திருக்கிறவரின் மகன். இன்னொருத்தி ரோஸி. காலனிப் பெண். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர்.

பையனைப் பார்த்ததும் அவர் தெரு கேட்கவில்லை. "வாப்பா, அப்பா நல்லா இருக்காரா?" என்று எழுந்தார். அலமாரியைத் திறந்து புயல் புத்தகத்தை எடுத்தார். ஃபேனுக்குக் கீழே அவனை உட்காரவைத்து, பக்கத்தை அவரே புரட்டிக் காட்டினார். பையனுக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை. ஒரு கப்பல் படத்தைப் பார்த்து வரைய ஆரம்பித்தான்.

ரோஸி அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"சார், நானும் அதப் பாக்கட்டா?"

"நீ எந்தத் தெரு?"

"காலனி சார். சர்ச்சுக்குப் பின்னால."

"எத்தினி பக்கம் எழுதணும்?"

"ஒரு பக்கம் சார்."

"ஒரு பக்கத்துக்கு எதுக்கு அவ்ளோ பெரிய பொஸ்தகம்? இங்க வா. நான் சொல்றேன், எழுதிக்க. உனக்கு இவ்ளோ போதும்."

நிற்கவைத்தே எழுதச் சொன்னார். அவள் நோட்டை இடது கையில் தாங்கிக்கொண்டு எழுதினாள். "புயல் என்பது பலமான காற்று. புயல் வந்தால் வீட்டுக்குள் இருக்க வேண்டும். புயல் அடங்கியதும் வெளியே வரலாம்." மூன்று வரி. அவ்வளவுதான்.

ரோஸி பேனாவை நோட்டிலிருந்து எடுக்காமல் கேட்டாள். "அடங்கிடுச்சுன்னு எப்படி சார் தெரியும்?"

ஒரு பதினொரு வயதுப் பிள்ளை கேட்ட கேள்வி. அந்த அறையில் அதற்கு முன்னும் பின்னும் அதைவிட நல்ல கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பதில் ஐந்தடி தள்ளி அந்தப் பையனின் முழங்கைக்குக் கீழே இருந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"காத்து நின்னா அடங்கிடுச்சுன்னு அர்த்தம். இதக்கூடவா சொல்லணும்?"

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். நான் பேப்பர் தைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் என் காதில் விழுந்தது. எனக்கும் அது சரியென்றே பட்டது.

அடுத்த மாதமே புயல் வந்தது. கரையைக் கடக்கும் என்று சொன்ன நாளுக்கு முந்தின மதியம் அவர் தார்ப்பாயும் கயிறும் வாங்கிவந்தார். கண்ணாடி அலமாரியைச் சுற்றி மூடி, நாலு முடிச்சுப் போட்டுக் கட்டினார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். "மத்த ரேக்கு சார்?" என்று கேட்டேன். "அது பசங்க பொறட்டுற பொஸ்தகம். நனைஞ்சா நனையட்டும்" என்றார். முடிச்சை இழுத்துப் பார்த்துத் திருப்தியானதும், நெற்றியைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

விடியும்போது காற்று பிடித்தது. வடக்கேயிருந்து அடித்தது. எங்கள் வீடு கிருமாம்பாக்கத்தில். வேப்பமரம் ஒரே பக்கமாக வளைந்து நின்றதைச் சன்னல் இடுக்கில் பார்த்தேன். காலை ஒன்பது மணி வாக்கில் திடீரென்று எல்லாம் நின்றது. இலை அசையவில்லை. மேகம் விலகி வெளிச்சம்கூட வந்தது. தெருவில் ஆட்கள் இறங்கிவிட்டார்கள். நானும் வாசலுக்கு வந்து, முறிந்த முருங்கையை இழுத்து ஓரம் போட்டேன்.

காலனிக்காரர்கள் சர்ச்சு மண்டபத்தில் இருந்தார்கள். காற்று நின்றதும் ரோஸியின் அப்பா எழுந்தார். வீட்டில் இரண்டு ஆடு கட்டியிருந்தது. அவர் மனைவி, "செத்த நேரம் இருந்து பாத்துட்டுப் போய்யா" என்று சொல்லியிருக்கிறார். அப்போதுதான் ரோஸி சொன்னாளாம்: "காத்து நின்னா அடங்கிடுச்சுன்னு அர்த்தம்மா. லைப்ரரி சார் சொன்னாரு. நான் எழுதி வச்சிருக்கேன்."

அவர் போனார். ஆடுகளை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது தெற்கேயிருந்து காற்று திரும்ப வந்தது. முதலில் வந்ததைவிட மோசமாக வந்தது. ஊறிப்போயிருந்த சுவர் அவர்மேல் விழுந்தது. மாலை வரைக்கும் யாரும் பக்கத்தில் போக முடியவில்லை. டவுன் ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

பிள்ளை சொல்லாவிட்டாலும் அவர் போயிருப்பார். கட்டிப்போட்ட ஆடு கத்துகிறபோது எந்த மனுஷன் சும்மா உட்கார்ந்திருப்பான்? இதை ரோஸியிடம் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவள் ஒரு முறையும் நம்பியதில்லை.

பத்து நாள் கழித்து நூலகம் திறந்தது. மற்ற ரேக்குகளில் இருந்ததெல்லாம் ஊறி உப்பிப்போயிருந்தது. அலமாரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவர் தார்ப்பாயைப் பிரித்து, கதவைத் திறந்து, ஒவ்வொரு புத்தகமாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் புயல் புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். அதுவரை அதைப் பிரிக்க எனக்குத் தோன்றியதே இல்லை. நாலு பக்கம் புரட்டியதும் அந்தப் படம் வந்தது. வட்டமாகச் சுழலும் மேகம், நடுவில் வெறுமையாக ஓர் ஓட்டை. கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். படித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். "இன்னாமா, மயக்கமா?" என்றார். ஒன்றுமில்லை என்று புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

அன்று மதியம் ரோஸி வந்தாள். கையில் அதே நோட்டு.

"சார், காத்து நின்னுச்சு சார். அப்பறம் ஏன் திரும்ப வந்துச்சு?"

அவர் புரியாமல் பார்த்தார். அவள் நோட்டைப் பிரித்துக் காட்டினாள். "நீங்க சொன்னதுதான் சார் எழுதுனேன். எங்கப்பாகிட்ட நான்தான் சார் சொன்னேன்."

அவர் நோட்டை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "இது நான் சொன்னதில்லையே. நீ தப்பா எழுதிட்டிருக்க" என்றார். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். ஸ்கேல் வைத்து அந்த வரியை நேராக அடித்தார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில், பதிவேட்டில் செய்வதுபோல, சுருக்கொப்பம் போட்டார். தேதியும் போட்டார்.

"இப்ப சரியா இருக்குது. போ."

நான் பார்த்த மனுஷர்களில் அவ்வளவு அமைதியாக ஒரு பிள்ளையின் தலையில் அப்பாவின் கால் போன பழியை ஏற்றிவைத்தவர் வேறு யாரும் இல்லை.

அலமாரி இன்னும் திறந்திருந்தது. நான் போய்ப் புயல் புத்தகத்தை எடுத்தேன்.

"ஏம்மா, அது ரெஃபரன்ஸ். வெளிய குடுக்கக் கூடாது."

"வெளிய குடுக்கல சார். இங்கியே படிக்கும்."

"அதுக்கு இன்னா புரியும் அதுல?"

ரோஸியைப் பெஞ்சில் உட்காரவைத்து அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்தேன். அவள் விரல் வைத்து, எழுத்துக் கூட்டாமல், சத்தமாகவே படித்தாள். புயலின் நடுவில் காற்று இல்லாத ஓர் இடம் இருக்கும், அதற்குப் புயலின் கண் என்று பேர், அது தலைக்கு மேல் வரும்போது புயல் ஓய்ந்ததுபோலத் தோன்றும், அது கடந்ததும் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று மறுபடி வீசும், அதனால் வெளியே வரக் கூடாது. அவ்வளவும் அவளுக்குப் புரிந்தது. புரியாத வார்த்தை ஒன்றும் அதில் இல்லை. பிள்ளைகளுக்காக எழுதிய புத்தகம்தானே.

இரண்டாம் முறையும் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது அப்பவே இங்க இருந்துச்சாக்கா?"

"இருந்துச்சு."

"நீங்க படிச்சிருக்கீங்களா?"

"இல்ல. இன்னிக்குத்தான் பாத்தேன்."

அவரைப் பார்த்த அதே பார்வையால் என்னையும் பார்த்தாள். திரும்பிப் பார்த்தேன். அவர் டீ குடிக்கக் கீழே போய்விட்டிருந்தார்.

அந்த வாரமே மேலே எழுதிப்போட்டார். அலமாரியை உத்தரவில்லாமல் கையாண்டேன் என்று புகார். பொங்கலோடு என்னை நிறுத்திவிட்டார்கள். இருந்த கொஞ்ச நாளும், அவர் சாவிக்கொத்தை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனதும் யார் வந்தாலும் கேட்டதை எடுத்துக் கொடுத்தேன். ரோஸி தினமும் வந்தாள். இடி மின்னல், வெள்ளம், சூறைக்காற்று எல்லாம் முடித்தாள். ஒரு நாள் வரும்போது காலனியிலிருந்து நாலு பிள்ளைகளைக் கூட்டிவந்து, புயலின் கண் படத்தைக் காட்டி, "இது வந்துச்சுன்னா ஒருத்தரும் வெளிய போவக் கூடாது, ஆடு கத்தினாலும் போவக் கூடாது" என்று சொல்லிக்கொடுத்தாள். ஆடு கத்துவது அந்தப் புத்தகத்தில் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நானும் அளந்து கொடுத்தவளாவேன். ரோஸியின் அப்பாவுக்குச் செயற்கைக் கால் கிடைப்பதற்கான மனுவை எழுதிக்கொடுத்தது அவர்தான். முத்து முத்தான கையெழுத்தில் இரண்டு பக்கம். அதை எடுத்துக்கொண்டு மூன்று முறை அலுவலகத்துக்குப் போய்வந்தார். கால் கிடைத்தது. இதை என்ன செய்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அந்த மனு அவருக்குக் கஷ்டமாகவே இருந்திருக்காது என்று நினைக்கிறேன். கையேந்தி நிற்கிறவருக்குக் கொடுப்பது அவருக்குப் பழக்கம். கேள்வி கேட்கிறவருக்குக் கொடுப்பதுதான் வராது.

ஓய்வு பெற்றபோது ஊரில் சால்வை போட்டுப் படம் எடுத்தார்கள். நான் போகவில்லை. எனக்கு வேறோர் ஊரில், ஒரு தனியார் பள்ளிக்கூடத்து நூலகத்தில் வேலை கிடைத்திருந்தது. அங்கே அலமாரிக்குக் கதவே கிடையாது. வருடத்துக்குப் பத்துப் புத்தகமாவது தொலையும். நானும் திட்டு வாங்குவேன்.

போன தையில் கிருமாம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். அதே மடிப்பு கலையாத பேண்ட். கொஞ்சம் கூன் விழுந்திருந்தது. அவராகத்தான் பக்கத்தில் வந்து பேசினார்.

"நல்லா இருக்கியாமா? அந்தக் காலனிப் பொண்ணு, புயல் பொண்ணு, அது இப்ப இன்னா பண்ணுது?"

"நர்ஸிங் படிக்குது சார். கடைசி வருஷம்."

அவர் முகம் மலர்ந்தது. நடிப்பு இல்லை. நிஜமான சந்தோஷம்.

"பாத்தியா! நான்தான் அதுக்கு அந்தப் பொஸ்தகத்த எடுத்துக் குடுத்தேன். ஞாபகம் இருக்குதா? பெஞ்சில உக்காந்து சத்தமா படிச்சிதே."

இத்தனை வருடமாக அவரிடம் சொல்வதற்கென்று நான் எத்தனையோ வாசகம் சேர்த்து வைத்திருந்தேன். சமையல் செய்கிறபோதும் துணி துவைக்கிறபோதும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தவை. ஒன்றும் வாயில் வரவில்லை.

"அலமாரிய தொறந்து எடுத்தது நான் சார்" என்றேன். "அதுவும் அவங்கப்பாவுக்கு கால் போன பெறகு."

அவருக்குக் கோபம் வரவில்லை. மறதிக்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"யாரு எடுத்தா இன்னாமா?" என்றார். "சாவி என்னுதுதான?"

கடலூர் பஸ் வந்து நின்றது. நான் போக வேண்டிய பஸ் அது இல்லை. இருந்தாலும் ஏறிக்கொண்டேன்.